கல்பாசி தின்னும் அந்துப்பூச்சிக்குப் பெயர் – வெள்ளிக்குள் வேண்டும்

கோத்தகிரி ஆசிரியர்:

நண்பர்களுக்கு வணக்கம். சோலை ஓரத்தில் வைக்கும் விளக்கப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படத்தில் இருப்பது சையானா பேரினம்: வெள்ளை இறக்கை, சிவப்புப் பட்டைகள். பெயருக்கு ஒரே வரிதான் இடம். வரைவில் ‘லைக்கன் உண்ணி அந்துப்பூச்சி’ என்று இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும், பூச்சியியல் படித்தவரும் குறை சொல்லக் கூடாது.

மதுரைத் தமிழாசிரியர்:

‘உண்ணி’ வேண்டாம். மாட்டிலும் நாயிலும் ஒட்டிக் கிடப்பதுதான் பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வரும். ‘லைக்கன்’ எதற்கு? மளிகைக் கடையில் பட்டை, கிராம்போடு சேர்த்து வாங்கும் கல்பாசி லைக்கன்தானே. புணர்ச்சிப்படி கற்பாசி. இக்கூட்டத்து லித்தோசியா என்ற பேரினப் பெயருக்குள்ளும் கல் கிடக்கிறது. கிரேக்கத்தில் லித்தோஸ் என்றால் கல். வினைத்தொகையாகக் ‘கல்மேயந்து’ என்று வையுங்கள். ‘அந்து’ தனியே நிற்கும், ‘பூச்சி’ என்ற வால் வேண்டாம்.

கொடைக்கானல் பூச்சியியலார்:

ஐயா, மேய்வது அந்து அல்ல, அதன் புழு. வளர்ந்த பூச்சிக்கு உறிஞ்சுகுழல்தான், கடிக்க முடியாது. புழுவின் தாடையில் உள்பக்கம், கடைவாய்ப்பல் போல, அரைப்பதற்கென்றே ஒரு மேடு உண்டு. இக்கூட்டத்தின் அடையாளங்களில் அது முக்கியமானது. கல்லில் மட்டும் மேய்வதுமில்லை, மரப்பட்டையிலும் மேயும்.

அதைவிடப் பெரிய சிக்கல்: லைக்கன் தின்பது பழக்கம், லித்தோசியினி என்ற குலப்பெயர் சொல்வது உறவு. வேறு குடும்பத்தைச் சேர்ந்த, கூண்டைச் சுமந்தே திரியும் கூண்டுப்புழுக்கள் சிலவும் லைக்கன் தின்னும். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஹாம்ப்சன் 1891இல் இம்மாவட்டத்து அந்துப்பூச்சிகளுக்கு நூல் எழுதினார். அந்தக் கால நூல்களில் ஆர்க்டிடே குடும்பம், லித்தோசியினே துணைக்குடும்பம் என்று இருக்கும். மரபணு ஆய்வுகளுக்குப் பின் இப்போது எரிபிடே குடும்பம், ஆர்க்டினே துணைக்குடும்பம், அதற்குள் லித்தோசியினி குலம். ‘னே’ என்று முடிந்தால் துணைக்குடும்பம், ‘னி’ என்று முடிந்தால் குலம். அச்சுக்கோப்பவர் ஒரு கொம்பைச் சேர்த்தால் படிநிலையே மாறிவிடும். மெய்ப்புப் பார்க்கும்போது கவனியுங்கள்.

திண்டுக்கல் தாவரவியல் ஆசிரியை:

‘பாசி’ என்பதற்கே என் மறுப்பு. லைக்கனின் உடல் பெரும்பாலும் பூஞ்சை. பாசி அதற்குள் வாழும் பங்காளி. குறுந்தொகையில் (399) பரணர் காட்டும் பாசி, தொட்டால் விலகும், விட்டால் பரவும். பாறையில் அப்பிய லைக்கன் நகத்தால் சுரண்டினாலும் வராது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை உண்டு. பசுமை, பசலை, பாசி எல்லாம் ஒரே வேர். சாம்பல் நிறத்திலும் ஆரஞ்சு நிறத்திலும் படர்வதைப் பாசி என்பது எப்படி? வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறார். பாடநூலில் உள்ள லைக்கன் அப்படியே இருக்கட்டும்.

மதுரைத் தமிழாசிரியர்:

அம்மா, பசும்பொன் என்கிறோமே, பொன் பச்சையா? பசலைக்கும் பொன்னிறம்தான் சொல்வார்கள். அந்த வேர் பச்சையோடு நிற்கவில்லை.

கொடைக்கானல் பூச்சியியலார்:

பேச்சுவழக்கில் நீர்ப்பாசி, சுவரில் படரும் பாசி, கல்பாசி எல்லாமே பாசிதான். தாவரவியலுக்கு அது குழப்பம். ஆனால் இந்தக் குலத்துப் புழுக்களின் உணவும் அதே கலவை: பலவும் லைக்கன், சில வெறும் பாசி, சில ஈரல்செடியும் (ஈர இடத்தில் படரும் பூக்காத சிறு செடி) தின்னும். எனவே குலத்துக்குப் ‘பாசியந்து’ பொருந்தும். கல் என்று சேர்த்தால் உணவைக் குறுக்கிவிடுவோம்.

பலகையில் கூட்டுப்புழுவின் படமும் வேண்டும். சையானா புழு தன் நீள மயிர்களைப் பிடுங்கி, பட்டிழையால் இணைத்து, உடலைவிடப் பெரிய கூண்டு கட்டும். கூட்டுப்புழு அதன் நடுவே தொங்கும். ‘கூடு’ என்றால் பட்டுப்புழுவின் மூடிய கூடு என்று நினைப்பார்கள். ‘மயிர்க்கூண்டு’ என்றே போடுங்கள்.

வரைவில் உள்ள ‘வகுப்பில் வளர்த்துப் பாருங்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். மூடிய டப்பாவில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும், லைக்கன் செத்துவிடும். தீனி தீர்ந்ததும் பிள்ளைகள் மரத்தைச் சுரண்டப் போவார்கள். பல ஆண்டு வளர்ச்சி ஒரு வாரத்தில் போய்விடும். வளர்த்தே ஆக வேண்டுமென்றால் தானாக விழுந்த குச்சிகள் போதும். வாயில் துணி கட்டிய பாட்டிலில் வைத்து, மாலையில் லேசாக நீர் தெளித்து, காலைக்குள் உலர விட வேண்டும்.

கோத்தகிரி ஆசிரியர்:

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் பாசியந்து பக்கம் என்பதால் பலகையில் ‘பாசியந்து (சையானா)’ என்று போகிறது. வளர்ப்பு வரியை நீக்கிவிட்டேன்.

திண்டுக்கல் தாவரவியல் ஆசிரியை:

பூச்சிக்கு அப்பெயர் இருக்கட்டும். உணவைச் சொல்லும் வரியிலாவது ‘லைக்கன்’ என்று எழுதுங்கள்; அங்கும் பாசி என்று போட்டால் என் மறுப்பை நம் கலைச்சொல் கையேட்டில் பதிய வேண்டும்.