உப்பைக் கழுவாமல் எண்ணெய் பூசலாமா? துப்பாக்கியும் தூண்டில் ரீலும்

தேவகோட்டை வளவு:
ஐயா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. 12 போர் (குழல் அகலத்தின் அளவு), லைசென்ஸ் என் பெயரில் புதுப்பித்து வருகிறேன். தேர்தலுக்காக ஒப்படைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து வாங்கி வந்தால், குழல் மேல் மிளகாய்த்தூள் தூவியது போலச் செம்புள்ளிகள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிற இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் படை மாதிரி பிடித்திருக்கிறது. கூடவே, தொண்டிக்குத் தூண்டில் போடப் போய்வந்த ரீல் சுற்றவே மாட்டேன் என்கிறது. ஐயா எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் போடுவார். நண்பன் துருவுக்கு அடிக்கிற டபிள்யூடி-40 ஸ்பிரே போதும் என்கிறான். எதைச் செய்வது?

கானாடுகாத்தான்:
ஐயா செய்ததையே செய்யுங்கள். எங்கள் வீட்டுத் துப்பாக்கி பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. அன்றிலிருந்து செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். அமாவாசைதோறும் மல்துணியில் தொட்டுத் துடைப்போம். ஒரு புள்ளி கிடையாது. வளவுக் கதவுப் பூட்டு, இரும்புப் பெட்டி எல்லாவற்றுக்கும் அதே எண்ணெய். நூறு வருஷம் நின்ற வழக்கத்தை ஒரு டப்பா ஸ்பிரேக்காக ஏன் விட வேண்டும்?

பட்டறைக்காரன், காரைக்குடி:
அண்ணே, உங்கள் வீட்டுத் துப்பாக்கியைக் காப்பாற்றியது அமாவாசை. எண்ணெய் இல்லை. மாதாமாதம் கையில் எடுத்துத் துடைக்கிற இரும்பு எந்த எண்ணெயிலும் பிழைக்கும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கிறதே, அது அமிலம் பிரிகிற வாடை. பித்தளையில் பச்சை படர்வதும் அதனால்தான். 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகும். மார்கழி விடியலில் விசைப் பகுதிக்குள் உறைந்த எண்ணெய் நல்லதில்லை. நல்லெண்ணெய் அதைவிட மோசம், காலப்போக்கில் பிசின் மாதிரி ஒட்டும்.

டபிள்யூடி-40 பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1953-ல் அமெரிக்காவில் சான் டியாகோவில் செய்தது, அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டைத் துருவிலிருந்து காக்க. பெயருக்கே ‘நீரை விலக்குதல், நாற்பதாவது முயற்சி’ என்றுதான் பொருள். ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிப் போகிற கரைப்பான். மிஞ்சுகிற படலம் மெல்லியது, ஐப்பசி கார்த்திகை அடைமழையைத் தாங்காது. தையல் மெஷின் எண்ணெய் வாங்குங்கள். சுத்தமான கனிம எண்ணெய், கெடாது, விலையும் குறைவு. மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் குழலின் வெளிப்பக்கம் மட்டும் வாசலின் (பெட்ரோலியம் ஜெல்லி) மெல்லிசாகத் தடவலாம்.

தொண்டித் தூண்டில்:
நீங்கள் இருவரும் எண்ணெய்க்குச் சண்டை போடுகிறீர்கள். உப்பு போய்விட்டதா என்று யாரும் கேட்கவில்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தன்னைச் சுற்றி வைத்துக்கொள்ளும். உப்பு எண்ணெயில் கரையாது. அதன் மேல் எந்த எண்ணெய் பூசினாலும், மூடி போட்டுத் துருவை வளர்த்த மாதிரிதான். முதலில் தண்ணீர், அப்புறம் காய்தல், அப்புறம்தான் எண்ணெய்.

ரீலுக்குச் சொல்கிறேன். கடற்கரையிலிருந்து வந்த அன்றே கழுவ வேண்டும். டிராக்கை (நூல் இழுபடுகிற இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இறுக்கிவிட்டு, பூவாளியில் ஊற்றுவது போல நல்ல தண்ணீரை மெதுவாக விடுங்கள். வாளியில் முக்காதீர்கள், பம்பு வைத்துப் பீய்ச்சவும் கூடாது. வேகத்தில் உப்பு பேரிங்குக்குள் போய்விடும். பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் காயவிடுங்கள். நூல் கண்டின் அடியில் ஊறிய உப்புதான் கண்ணில் படாமல் அரிக்கும். அலுமினிய உடலில் ஸ்டீல் திருகு இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால், இரண்டு உலோகமும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து மின்கலம் மாதிரி வேலை செய்கிறது என்று அர்த்தம், அதில் தேய்வது அலுமினியம். திருகைக் கழற்றிக் கிரீஸ் தொட்டுப் போடுங்கள்.

கானாடுகாத்தான்:
ரீல் சரி, தம்பி. துப்பாக்கியில் தண்ணீரா? எங்கள் வீட்டில் மழைநாளில் அதை வெளியே எடுக்கக்கூட விடமாட்டார்கள். மரக்கட்டை ஊதிவிடும், விசைக்குள் நீர் நின்றுவிடும்.

பட்டறைக்காரன், காரைக்குடி:
இதில் தொண்டித் தம்பி பக்கம்தான் நான். கரிமருந்து போட்டுச் சுடுகிற பழைய நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். எரிந்து மிஞ்சுகிற கசடில் பொட்டாசியம் உப்புகள். பழங்காலத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது, அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு ஆகிறது, கிட்டத்தட்ட சமையல் உப்பின் உடன்பிறப்பு. அதை எண்ணெய் எடுக்காது, தண்ணீர்தான் எடுக்கும். வெந்நீர் இரும்பைச் சூடாக்குவதால் சீக்கிரம் காய்ந்தும் விடும்.

ஆனால் அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இரட்டைக் குழல் மடக்குத் துப்பாக்கியில் குழலைத் தனியே கழற்றிவிடலாம், கட்டையிலும் விசையிலும் ஒரு சொட்டு படக்கூடாது. இப்போதைய தோட்டாக்களில் அந்த உப்பு இல்லை, ஆகவே ஒவ்வொரு முறையும் வெந்நீர் தேவையில்லை. விசைப் பகுதியைத் திறக்க வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

தேவகோட்டை வளவு:
என் துப்பாக்கியைச் சுட்டே பல வருஷம் ஆகிறது. பிறகு உப்பு எங்கிருந்து வந்தது?

தொண்டித் தூண்டில்:
கை வியர்வை, அண்ணே. பூஜைக்கு எத்தனை கை தொட்டிருக்கும்! அதன் மேல் ஈரச் சந்தனம். உரைத்த சந்தனம் காயும்வரை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், குங்குமத்தையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். அடுத்து வருவது மழைக்காலம். பூஜை முடிந்து மறுநாள் எடுத்து வைக்கும்போது அந்தப் பொட்டைத் துடைத்து எண்ணெய் விட்டிருந்தால் இந்தப் படை வந்திருக்காது. பொட்டு வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை.

கானாடுகாத்தான்:
அது உண்மை. எங்கள் வீட்டில் மறுநாள் காலையில் துடைத்துவிடுவார்கள். காரணம் இதுதான் என்று இப்போது புரிகிறது.

பட்டறைக்காரன், காரைக்குடி:
துப்பாக்கியைத் தோல் உறைக்குள் வைத்திருந்தீர்களா? தோல் பதனிடும்போது சேர்கிற உப்பும் அமிலமும் அதில் தங்கும், ஈரத்தையும் இழுக்கும். உறை வெளியில் எடுத்துப் போவதற்கு மட்டும். வீட்டில் துணி சுற்றாமல் தேக்கு பீரோவில் நிறுத்தி வையுங்கள், உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீலமாக இருக்கும் ஜெல் மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பானால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மறுபடி போடலாம், ஆனால் சமையல் வாணலி வேண்டாம்.

கடுக்காய்க் கஷாயம் தடவினால் துரு கறுத்து நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது நிஜம்தான், அதன் துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்து கருமையாகிறது. ஜன்னல் கம்பிக்கு நல்லது. துரு பிடிக்காமலிருக்கத் துப்பாக்கிக் குழலுக்குக் கொடுத்திருக்கும் நீலப் பூச்சில் தடவினால் திட்டுத்திட்டாகிவிடும். புளியும் வேண்டாம்.

தேவகோட்டை வளவு:
எட்டு நாள் கழித்து வருகிறேன். நான்கு தூண்டில் முள்ளைத் தொண்டிக் கடல் தண்ணீரில் முக்கினேன். இரண்டில் அப்படியே எண்ணெய் தடவினேன், ஒன்றில் தேங்காய், ஒன்றில் மெஷின் எண்ணெய். மற்ற இரண்டை வளவு முற்றத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் கழுவி, காயவைத்து, அதே போல ஆளுக்கொரு எண்ணெய். முகப்பில் தொங்கவிட்டேன். கழுவாத இரண்டும் சிவந்துவிட்டன. கழுவிய இரண்டிலும் இதுவரை துரு இல்லை.

கானாடுகாத்தான்:
தேங்காய் எண்ணெய் போட்டதிலும் இல்லையே!

பட்டறைக்காரன், காரைக்குடி:
எட்டு நாளுக்கு இல்லை, அண்ணே. தை பிறக்கும்வரை தொங்கட்டும். ஒட்டுகிறதா, வாடை வருகிறதா என்று அப்போது பார்ப்போம்.

தேவகோட்டை வளவு:
தொங்கவிட்டிருக்கிறேன். துப்பாக்கிப் புள்ளிகளை மெஷின் எண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்துத் துணியால் தேய்த்ததில் பாதி போய்விட்டது. சந்தனப் பொட்டு இருந்த இடத்தில் மட்டும் சின்னக் குழி விழுந்திருக்கிறது. ரீல் சுற்றுகிறது, கரகரவென்று ஒரு சத்தம் பாக்கி.

தொண்டித் தூண்டில்:
அது பேரிங். மாற்றிவிடுங்கள்.