அப்பா இளைப்பாறிவிட்டார், திருகோணமலையில் பொழுதுபோக என்ன வழி?

உவர்மலை_மகன்:
அப்பா சீனக்குடாவில் ஒரு கம்பனியில் வேலை செய்து, 60 வயதில் இளைப்பாறி சில மாதங்கள் ஆகின்றன. தொடக்கத்தில் நல்லாத்தான் இருந்தார், கேற்றுக்குப் பெயின்ட் அடித்தார், தண்ணீர் மோட்டரைக் கழற்றிப் பூட்டினார். இப்போது விடிந்தால் யூடியூபில் அரசியல், பின்னேரம் அம்மாவோடு சண்டை. நான் கொழும்பில், மாதம் ஒருக்கால்தான் வருவேன். ஊரில் இந்த வயது ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கோவிலுக்குப் போகச் சொல் என்று மட்டும் எழுதாதீர்கள், அவர் அவ்வளவு பக்திமான் இல்லை.

பழைய_கிளாக்கர்:
தம்பி, பக்தி இல்லாவிட்டாலும் கோணேசர் கோவில் ஏற்றம் காலுக்கு நல்லது. விடியப்புறம் கோவில் இருக்கிற கோட்டையின் வாசலால் ஏறினால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம். எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் சாமி கும்பிடாமலே திரும்புகிறவர்கள், கீழே வந்து பிளேன்ரீயோடு பேப்பரை வைத்துக்கொண்டு அரசியல் கதைப்போம். ஒருநாள் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று போன் வரும், வேலையை விட்டபிறகு நான் தேடினது அதைத்தான். மற்றது, வீட்டு விறாந்தையில் இருந்து சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப் பணத்துக்கு மேன்முறையீடு, பென்சன், சிங்களத்தில் வந்த கடிதம் எல்லாம் வரும். காசு வாங்குவதில்லை, ஆனால் மீன் வரும். அப்பாவுக்கு 60 முடிந்ததால் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டையும் எடுத்து வையும்.

அலஸ்தோட்டம்_அக்கா:
எல்லாரும் அப்பாவைப் பற்றியே கதைக்கிறீர்கள், அம்மாவுக்கு எப்ப பென்சன்? என் மனுசன் இளைப்பாறியதில் இருந்து எனக்குப் பத்து மணித் தேத்தண்ணி, மத்தியானச் சோறு, நாலு மணித் தேத்தண்ணி என்று வேலைதான் கூடியது, அதுக்கு மேல் கறிக்கு ஏன் இவ்வளவு எண்ணெய் என்று குசினிக்குள் மேற்பார்வை வேறு. உங்கள் வீட்டுச் சண்டையும் அதில்தான் வந்திருக்கும், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நான் சந்தைக்குப் போவதையும் மீன் வெட்டுவதையும் இவர் தலையில் கட்டிவிட்டேன். இப்ப பாரை என்ன விலை, சூரை என்ன விலை என்று ஒழுங்கை முழுக்கப் பாடம் நடத்துகிறார்.

சாம்பல்தீவான்:
தோட்டம் செய்யட்டும். ஆனால் இந்த வறண்ட கச்சான் காற்றுக்குள் தொடங்க வேண்டாம், தண்ணீர் ஊற்றியே வெறுத்துவிடுவார். புரட்டாதியில் பாத்தி கட்டி, மாரி மழையோடு கத்தரி, வெண்டி, பயிற்றை போடலாம். டவுன் பக்கம் என்றால் வலை அடிக்காமல் விதைக்கவே கூடாது, மான் வந்து ஒரே இரவில் மேய்ந்துவிட்டுப் போகும். அப்புறம், கம்பனி வேலை என்றால் மாதாமாதம் பென்சன் இல்லை, சம்பளத்தில் அவருடைய 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்த ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு மொத்தமாகக் கைக்கு வரும். அது வந்த செய்தி கேட்டதும் கடை போடுவோம், வான் எடுப்போம் என்று சொந்தக்காரர் வருவார்கள். பொழுது போகாத ஆள் லேசில் தலையாட்டிவிடுவார், கவனம்.

உவர்மலை_மகன்:
அம்மாவிடம் கேட்டேன், அக்கா சொன்னதேதான், சொதியில் உப்புக் கூட என்றதில் தொடங்கியதாம். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும், படிவ வேலை பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஐயா, உங்களை எங்கே பிடிக்கலாம்?

பழைய_கிளாக்கர்:
விடிய ஐந்தரைக்குக் கோட்டை வாசலில் நிற்கச் சொல்லும். முதல்நாள் பிளேன்ரீ அவர் கணக்கு.