வளரும் பன்றித் தீவனத்தில் என்சைம்: போட்ட காசு திரும்புமா?

தவிட்டுக்காரர்:
30 கிலோ எடையுள்ள பத்து வெள்ளை யார்க்ஷயர் குட்டிகளுக்கு ஒரு மாதம், தீவனம் செரிக்க உதவும் என்சைம் பொடி போட்டேன். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, எண்ணெய் எடுத்த தவிடு, டிசிபி (பாஸ்பரஸுக்காகச் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்) எல்லாம் வழக்கமான அளவுதான். பொடி போடாத பத்துக் குட்டிகளோடு எடை பார்த்தேன். வித்தியாசமே இல்லை. இது வீண் செலவு. மறுப்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பண்ணைத்தம்பி:
நான் மறுக்கிறேன் அண்ணா. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு போல பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரிக்கும் சக்தி பன்றிக்குப் போதாது, அப்படியே சாணத்தில் போய்விடும். பைட்டேஸ் என்கிற என்சைம்தான் அதைப் பிரித்துக் கொடுக்கும். கிலோ தீவனத்துக்கு 500 யூனிட் போட்டால் தீவன எடையில் சுமார் 0.1 சதவீதம் பாஸ்பரஸ் கிடைக்கும். அந்த அளவுக்கு டிசிபியைக் குறைத்தால்தான் காசு மிஞ்சும். நீங்கள் டிசிபியைக் குறைக்கவே இல்லை. தேவையான பாஸ்பரஸ் ஏற்கெனவே இருக்கும்போது எடை எப்படிக் கூடும்?

தவிட்டுக்காரர்:
சரி, பைட்டேஸ் கணக்கு புரிகிறது. பாக்கெட்டில் சைலனேஸும் இருக்கிறதே? தவிட்டு நாரை உடைக்கும் என்று கடையில் சொன்னார்கள்.

ஓட்டல்சோறு:
நான் ஓட்டல் மிச்சம்தான் போடுகிறேன். வெந்த சோற்றில் என்சைமுக்கு என்ன வேலை?

பண்ணைத்தம்பி:
உங்களுக்குத் தேவையில்லை, ஒத்துக்கொள்கிறேன். சைலனேஸுக்கும் நான் அவ்வளவாக வாதாட மாட்டேன். கோதுமை அதிகமுள்ள கோழித் தீவனத்தில் தெரிகிற அளவுக்குப் பன்றியில் பலன் சீராக வருவதில்லை. தவிட்டுக்கார அண்ணா, பொடியை எப்படிக் கலந்தீர்கள்?

தவிட்டுக்காரர்:
கஞ்சி அண்டாவை இறக்கியதும் மேலே தூவிக் கிளறுவோம். ஆவி பறக்கும்.

பண்ணைத்தம்பி:
பொடி அங்கேயே செத்துப்போயிருக்கும்! என்சைம் ஒரு புரதம். தீவனத்தைக் குச்சியாக அழுத்தும் பெல்லட் ஆலைகளில் 80 டிகிரி சூட்டுக்கே பூச்சில்லாத என்சைம் பெரும்பாலும் வீணாகிறது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும், அப்புறம் போடுங்கள்.

தவிட்டுக்காரர்:
ஆறவைத்துப் போடலாம். டிசிபியைக் குறைக்கத்தான் மனம் வரவில்லை. போன வருடம் பாஸ்பரஸ் பற்றாமல் ஒரு குட்டி பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. எழுந்து தொட்டிக்கு வரவே முடியாமல், நான்தான் கையில் ஊட்டினேன்.

பண்ணைத்தம்பி:
முழுசாக நிறுத்தச் சொல்லவில்லை. டிசிபியில் 18 சதவீதம் பாஸ்பரஸ் என்றால், 0.1 சதவீதத்துக்கு ஈடாக டன்னுக்கு 5 கிலோ குறைத்தால் போதும்.

தவிட்டுக்காரர்:
பத்துக் குட்டிக்கு மட்டும் செய்கிறேன், பைட்டேஸ் மட்டும் வாங்கி. சைலனேஸ் வீண் என்பதில் மாற்றமில்லை.