‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது என்ன சொல்வது? புதிதாகக் குடியேறியவர்களுக்குச் சில யோசனைகள்

புதிதாக வெளிநாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களுக்கு வணக்கம். வீடு தேடுவதற்கும் வங்கிக் கணக்குத் தொடங்குவதற்கும் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கும் வழிகாட்ட நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே நம் முன் வந்து நிற்கும் ஓர் எளிய கேள்விக்கு, அதாவது ‘உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன்’ என்ற கேள்விக்கு, எப்படிப் பதில் சொல்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. 14 ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழ்ந்துவருபவன் என்ற முறையில் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் முதல் வேலையில், முதல் நாள் குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தபோது நான் எழுந்து என் பட்டம், பணி அனுபவம், இதுவரை செய்த திட்டங்கள் ஆகியவற்றை வரிசையாகச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றே சேர்ந்த இன்னொருவர், தன் பெயரைச் சொல்லிவிட்டு, பழைய மிதிவண்டிகளை வாங்கிப் பழுதுபார்ப்பதில் தனக்கு ஆர்வம் உண்டு என்றும், மூத்த மகளுக்கு இப்போதுதான் மிதிவண்டி ஓட்டக் கற்றுத்தருவதாகவும், ஞாயிறு காலைகளில் இருவரும் ஆற்றங்கரைப் பாதையில் இருப்பார்கள் என்றும் சொல்லி உட்கார்ந்தார். இடைவேளையில் மூன்று பேர் அவரிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் தகுதியைப் பார்த்துத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள் என்பதால் அதை அவர்கள் முன்பே அறிவார்கள். என்னோடு எதைப் பற்றிப் பேசலாம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அதை நான் சொல்லவும் இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குப் பழகிப்போனது பயோடேட்டா வடிவம். வேலைக்கான நேர்காணலில் அது சரிதான்; அங்கே அந்தக் கேள்வி உண்மையிலேயே வேலையைப் பற்றியதுதான். சேர்ந்த பிறகு சக ஊழியர்கள் கேட்பதும், அடுத்த வீட்டுக்காரர் கேட்பதும், குழந்தையின் வகுப்புத்தோழியின் தாய் கேட்பதும் வேறு. அவர்கள் நம்மோடு அடுத்த பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். அந்தப் பிடியைக் கொடுப்பதுதான் அறிமுகத்தின் வேலை என்று நான் கருதுகிறேன்.

மொழிப் பாடங்களை வகுத்தவர்களும் இதைத்தான் முதல் படியாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் தொடக்க நிலையான ஏ1, தன்னையும் பிறரையும் அறிமுகப்படுத்துவதையும், எங்கே வசிக்கிறோம், யாரை அறிவோம், நம்மிடம் என்ன இருக்கிறது என்பன போன்றவற்றைக் கேட்கவும் சொல்லவும் முடிவதையும் எதிர்பார்க்கிறது. கோத்தே நிறுவனத்தின் ஏ1 ஜெர்மன் தேர்வில் பேச்சுப் பகுதியே பெயர், வயது, நாடு, வசிப்பிடம், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்ற குறிப்புச் சொற்களைக் கொண்டு தன்னை அறிமுகப்படுத்துவதில்தான் தொடங்குகிறது. பிறகு ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லவும் ஓர் எண்ணைச் சொல்லவும் கேட்பார்கள். ஆகவே புதிய மொழி இன்னும் வரவில்லையே என்று தயங்க வேண்டாம். இலக்கண நூலின் பாதியை முடிக்கும் முன்பே சொல்லக்கூடிய செய்திகள்தாம் இவை. தமிழில் எழுதி வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்ற முயலாமல், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சிறிய வாக்கியங்களிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

முதலில் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து மட்டும்தான் உண்டு. கடவுச்சீட்டில் அந்த முன்னெழுத்து தந்தையின் பெயராக விரிந்து கடைசிப் பெயருக்கான இடத்தில் அமர்ந்துவிட்டால், அலுவலக அட்டையிலும் மின்னஞ்சலிலும் அதுவே முன்னால் வந்து, நம்மைத் தந்தையின் பெயரால் அழைக்கத் தொடங்குவார்கள். அதை முதல் நாளே திருத்துவது எளிது, ஆறு மாதம் கழித்துத் திருத்துவது கடினம். ‘ஆவணத்தில் இருப்பது என் தந்தையின் பெயர், என்னை இப்படி அழையுங்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பெயர் நீளமானது என்றால் அசை அசையாகப் பிரித்து, நிதானமாக இருமுறை சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டுமே சுருக்கப் பெயரை ஏற்றுக்கொள்ளுங்கள். பிறருடைய வசதிக்காக அவசரப்பட்டு ஒப்புக்கொண்ட சுருக்கம் பல ஆண்டுகள் கூடவே வரும். பெயரில் ழகரம் இருப்பவர்கள், அந்த ஒலி பிறருக்கு உடனே வராது என்பதை ஏற்றுக்கொண்டு, நெருங்கிய ஒலி போதும் என்று அன்போடு சொல்லிவிடலாம்.

அடுத்தது பொழுதுபோக்கு. ‘எனக்கு அப்படி எதுவும் இல்லை’ என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பரிசு வாங்கியிருந்தால்தான், முறையாகக் கற்றிருந்தால்தான் அதைச் சொல்லலாம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மாடியில் நான்கு தொட்டிகளில் செடி வளர்ப்பதும், பழைய நாணயங்களைச் சேர்ப்பதும், இரவில் பிள்ளைக்குக் கதை கட்டிச் சொல்வதும் பொழுதுபோக்குகளே. பொதுவாகச் சொல்வதைவிடக் குறிப்பாகச் சொல்வது நல்லது: ‘வாசிப்பேன்’ என்பதோடு நிறுத்தினால் கேட்பவர் ‘நல்லது’ என்று நிறுத்திக்கொள்வார், ‘கடல் பயணங்களைப் பற்றிய வரலாற்று நூல்களாகத் தேடிப் படிக்கிறேன், இப்போது ஒன்றின் பாதியில் இருக்கிறேன்’ என்றால் அவருக்குக் கேட்பதற்கு ஏதாவது தோன்றும். புதிதாகக் கற்கத் தொடங்கியிருப்பதைச் சொல்வது எல்லாவற்றையும்விடச் சிறந்தது என்பது என் அனுபவம்; ‘நீச்சல் கற்றுக்கொள்கிறேன், இன்னும் பயம் போகவில்லை’ என்றால் உதவ முன்வருபவர்கள் உண்டு. செய்யாத ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள், ஏனெனில் அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான் வரும்.

சொல்லி முடித்த கையோடு எதிரில் இருப்பவரையும் கேட்க வேண்டும். அவர் சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்துக் கேட்பவர்களைப் பிறருக்கு அதிகம் பிடித்துப்போகிறது என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அவர் மலையேற்றம் என்று சொன்னால், நாம் உடனே நம் கதைக்குத் தாவாமல், கடைசியாக எங்கே ஏறினார் என்று கேட்டாலே போதும்.

குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் உறவுச் சொற்கள் சற்றுக் குழப்பும். பெரியப்பாவின் மகனும் நமக்கு அண்ணன்தான் என்பதால், ‘பிரதர்’ என்று சொல்லிவிட்டு, மறுமுறை ‘எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை’ என்றால் கேட்பவர் திகைப்பார். ‘கஸின் பிரதர்’ என்பதும் வெளியில் பலருக்குப் புரியாது. ‘கஸின்’ என்பதே போதும். தாய்மாமனையும் மாமனாரையும் ‘மாமா’ என்ற ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கத்திலும் இதே கவனம் தேவை. எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம். குழந்தைகள் இருப்பதையும் அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பதையும் சொல்லலாம். பள்ளியின் பெயரையும் அவர்கள் வீடு திரும்பும் நேரத்தையும் முதல் சந்திப்பில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தனியாக இருப்பவர்கள் தனியாக இருப்பதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. அவ்வாறே, ஏன் இன்னும் திருமணம் ஆகவில்லை, ஏன் குழந்தை இல்லை என்று நாமும் பிறரைக் கேட்கக் கூடாது.

இங்கே ஒன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். துணைவருடைய வேலையை ஒட்டிச் சார்பு விசாவில் வந்திருப்பவர்களிடம், பெரும்பாலும் பெண்களிடம், இந்தக் கேள்வி வரும்போது அவர்கள் சொல்லும் பதில் ‘வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்’ என்பதாகவே இருக்கிறது. இதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தமாக இருக்கும். புதிய நாட்டில் வீட்டை நிலைநிறுத்துவதும், பிள்ளைகளைப் பழக்குவதும், மொழி தெரியாத இடத்தில் மருத்துவரையும் அலுவலகங்களையும் சமாளிப்பதும் சும்மா இருப்பது ஆகாது. அதோடு, வேலை அனுமதி இல்லை என்பது சட்டத்தின் நிலை. அது அவரைப் பற்றிய செய்தியே அல்ல. என் மனைவியும் முதல் ஆண்டில் இப்படித்தான் சொல்லிவந்தார். பிறகு ஒரு மொழி வகுப்பில், தான் கணித ஆசிரியராக இருந்ததையும், வண்ணக் காகிதங்களை மடித்து உருவங்கள் செய்வது பிடிக்கும் என்பதையும் சொன்னார். சில வாரங்களில் அருகிலிருந்த நூலகத்தில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் காகித மடிப்புச் சொல்லித்தருபவர் ஆகிவிட்டார். கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விருந்துகளில் ‘இவர் என் மனைவி’ என்பதோடு நிறுத்திவிட்டு உங்கள் வேலையைப் பற்றிப் பேசப் போய்விடாதீர்கள், அவர் தம்மைப் பற்றித் தாமே சொல்ல இடம் கொடுங்கள்.

பிற தமிழர்களைச் சந்திக்கும்போது வேறு வகைத் தவறு நேர்கிறது. எந்த விசா, எவ்வளவு சம்பளம், பிஆர் (நிரந்தரக் குடியுரிமை அனுமதி, அதாவது நிலையாக வசிக்கும் அனுமதி) வந்துவிட்டதா என்று தொடங்கிவிடுகிறோம். போரினாலோ வேறு துயரினாலோ நாட்டைவிட்டு வந்தவர்களுக்கு ‘எப்படி வந்தீர்கள்’ என்ற கேள்வியே காயத்தைக் கிளறக்கூடும். பூர்வீகத்தைத் துருவித் துருவிச் சாதியை அறிய முயல்வதை அடியோடு விட்டுவிட வேண்டும். விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்று கேட்பதில் இந்த ஆபத்து எதுவும் இல்லை.

வார இறுதியைப் பற்றிய பேச்சு வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் தவறாமல் வரும். ‘ஒன்றும் செய்யவில்லை’ என்ற பதில் கதவைச் சாத்திவிடும். பெரிய பயணம் எதுவும் தேவையில்லை. துணி துவைத்ததையும் அம்மாவோடு தொலைபேசியில் நெடுநேரம் பேசியதையும் சொன்னாலும் பேச்சு தொடரும். ஆனால் முடிந்தவரை வாரத்துக்கு ஒரு முறையாவது வெளியே போங்கள். ஒவ்வொரு வாரமும் புதிய இடம் தேடுவதைவிட, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போவது நல்லது, ஏனென்றால் முகங்கள் அப்போதுதான் பழகும். பார்க்ரன் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 2004 அக்டோபரில் லண்டனின் புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கிய அது, இன்று பல நாடுகளில் சனிக்கிழமைக் காலைகளில் நடக்கும் 5 கி.மீ. ஓட்டம், கட்டணம் கிடையாது, நடந்தும் போகலாம், ஓடாமல் தன்னார்வலராகவும் நிற்கலாம்.

நட்பு உருவாக நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அண்மையில் இடம்பெயர்ந்து புதிய நண்பர்களைத் தேடியவர்களிடமும் கல்லூரி மாணவர்களிடமும் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பராக 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருந்தது என்று கண்டார்; சேர்ந்து வேலை செய்யும் நேரம் அந்த அளவுக்கு உதவுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரோடு நடந்தால் 50 மணி நேரத்துக்கே ஆறு மாதம் ஆகும். ஆகவே இரண்டாம் மாதத்தில் ‘எனக்கு இங்கே யாரும் இல்லை’ என்று மனம் உடைந்துவிடாதீர்கள்.

பேசி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு, ‘தப்பாகச் சொல்லிவிட்டேனோ, என்னை அவர்களுக்குப் பிடிக்கவில்லையோ’ என்று மனம் அரிப்பதும் எல்லோருக்கும் நேர்வதுதான். முன்பின் அறியாதவர்கள் முதல்முறை பேசிய பின், எதிரில் இருந்தவர் தம்மை உண்மையில் விரும்பிய அளவைவிடக் குறைவாகவே விரும்பியதாக எண்ணிக்கொள்கிறார்கள் என்று உளவியல் ஆய்வாளர் எரிகா பூத்பியும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் 2018இல் காட்டினார்கள். தாய்மொழியில் பேசுபவர்களுக்கே அப்படி என்றால், இரவல் மொழியில் தடுமாறிப் பேசிய நமக்கு அந்த எண்ணம் இன்னும் கூடுதலாக வருவதில் வியப்பில்லை.

நான் இன்றும் கடைப்பிடிக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். புதிதாக ஒருவரைச் சந்தித்த அன்று மாலையே, அவருடைய பெயரையும் அவர் சொன்ன ஒரே ஒரு செய்தியையும் ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். மிதிவண்டி பழுதுபார்ப்பவர்தான் அதில் முதல் பெயர். அடுத்த திங்கட்கிழமை அவரிடம் போய், மகள் இந்த வாரம் தானாக ஓட்டினாளா என்று கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.