விளக்கக் கட்டுரையா, வாதக் கட்டுரையா? திங்கட்கிழமைக்குள் உதவுங்கள்

பிளஸ் டூ மாணவி:
வணக்கம். மழைநீர் சேகரிப்பு பற்றி விளக்கக் கட்டுரை எழுதிவரச் சொன்னார்கள். இரண்டு இரவு கண்விழித்து எழுதினேன். "இது வாதம், விளக்கம் எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் இது கட்டாயமாக்கப்பட்டதைக்கூடச் சேர்த்திருந்தேன். என் முதல் வரி: "மழைநீர்த் தொட்டியைப் பராமரிக்காதவர்களுக்கு அபராதம் விதித்தால்தான் நிலத்தடி நீர் உயரும்." எங்கே தவறினேன்?

கரிசல்காரன்:
தங்கையே, "வேண்டும்" என்று முடியும் வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். மிஞ்சுவது விளக்கம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அது போதாது, தம்பி. "மழைக்காலத்துக்கு முன் வடிகட்டித் தொட்டியின் மணலைக் கழுவ வேண்டும்" என்பது விளக்கம்தான். இவர் எழுதிய வரியில் "வேண்டும்" இல்லை, ஆனாலும் வாதம். "விதித்தால்தான்" என்பதில் இருக்கும் அந்தத் "தான்" போதும்.

மகளே, ஒவ்வொரு வரியையும் எழுதியபின், "நான் ஒப்பமாட்டேன்" என்று நியாயமாகச் சொல்ல ஆள் உண்டா என்று பார். மொட்டை மாடியில் விழும் நீர் குழாய்வழி இறங்கி, கூழாங்கல்லிலும் மணலிலும் கசடு தங்க, கிணற்றுக்குப் போகிறது. இதை யார் மறுப்பார்? அபராதம் என்றதும், "முதலில் அரசுக் கட்டடங்களைச் சரிசெய்யட்டும்" என்று ஒருவர் எழுந்துவிடுவார். அவருக்குப் பதில் சொல்லாமல் வாதக் கட்டுரை நகரக் கூடாது. நன்னூல் சொல்லும் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே நூலாசிரியரின் கொள்கை) "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு" படித்திருப்பாய்: எதிராளியின் கருத்தை முதலில் ஏற்று நின்று, பிறகு களைவது. உன் கட்டுரையில் அந்த எதிராளியே இல்லை. அதனால் வாதமாகவும் அது பாதியில் நிற்கிறது.

2003 செய்தியை நீக்காதே. விளக்கத்தில் அது தகவல், வாதத்தில் சான்று.

பிளஸ் டூ மாணவி:
நன்றி ஐயா. முதல் வரியை மாற்றிவிட்டேன்: "கூரையில் விழும் மழை, கிணற்றை அடையும்முன் குழாயையும் வடிகட்டியையும் கடக்கிறது." எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழாயின் மூட்டு விலகி, மழைநீர் முழுவதும் சாக்கடைக்குப் போகிறது. தினமும் அதைக் கடந்துதான் பள்ளிக்குப் போகிறேன். அந்தக் கோபத்தில்தான் அபராதம் என்று எழுதினேன். அதை விட்டுவிட மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஏன் விட வேண்டும்? மூட்டு விலகினால் நீர் எங்கே போகிறது என்று இந்தக் கட்டுரையிலேயே எழுது, நீ கண்ணால் கண்டது. யார் பொறுப்பு, என்ன தண்டனை என்பதை வேறு தாளில் எழுதி வை. அந்த வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று அவரையே கேட்டுவிட்டு எழுது.