ஹாட் ஸ்டார்ட், ஹீட் சோக், வேப்பர் லாக்: என் பங்குக்கு மூன்று நான்கு சொற்கள்

வணக்கம். கார் கோளாறுகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் ஒருவர் இப்படிப் பரிந்துரைத்திருந்தார்:

> வேப்பர் லாக் = ஆவிப்பூட்டு
> ஹீட் சோக் = வெப்ப ஊறல்

முதலாவது பாதி சம்மதம், இரண்டாவது வேண்டாம் ஐயா. காரணம் என் பழைய பத்மினி கார். காலையில் அரைச் சுற்றிலேயே கிளம்பிவிடும். நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, டீ குடிக்க நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. ஒரு மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். மெக்கானிக் காயில் மாற்றினார், கண்டென்சர் மாற்றினார், என் பணமும் மாறியது, வண்டி மாறவில்லை.

அப்புறம் வீட்டிலேயே பார்த்தேன். சூடாக மக்கர் செய்யும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றினால் கார்ப்ரெட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) வாயில் குப்பென்று பெட்ரோல் வாடை, பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கிறது (பக்கத்தில் பீடி பிடிப்பவரை முதலில் துரத்திவிடுங்கள்). ஆக, பெட்ரோல் வராமல் நிற்கவில்லை, அளவுக்கு மீறி வந்துவிட்டது. எஞ்சின் நின்றால் ஃபேனும் நிற்கும், தண்ணீர் சுழற்சியும் நிற்கும், பிளாக்கில் இருக்கும் சூடெல்லாம் மூடிய பானெட்டுக்குள் மேலே ஏறும். அதனால் நிறுத்திய பிறகுதான் கார்ப்ரெட்டர் இன்னும் சூடாகிறது. இதுதான் ஹீட் சோக். பெட்ரோலின் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குபவை. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆனால் 10 சதவீதம் கலந்தால் அந்தக் கலவை இன்னும் எளிதாக ஆவியாகிறது. கார்ப்ரெட்டரின் மிதவைக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் பொங்கி, எஞ்சினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. இதைத்தான் பெர்கோலேஷன் என்பார்கள்.

காற்று அசையாத மூடிய இடத்தில் ஏறும் வெக்கைக்கு நம்மிடம் சொல் இல்லையா என்ன? புழுக்கம். நெல்லைப் புழுக்குகிறோமே, அதே வேர். 'ஊறல்' என்றால் எனக்கு மாங்காய்தான் நினைவுக்கு வருகிறது.

பெட்ரோல் லைனிலோ பம்பிலோ ஆவி நின்று கிண்ணம் காய்ந்துபோவது வேறு கோளாறு, அதுதான் வேப்பர் லாக். அப்போது பிளக் காய்ந்திருக்கும். பழைய டாக்சிக்காரர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டது இதற்குத்தான். இதைப் 'பூட்டு' என்பதைவிட ஆவியடைப்பு என்பேன். மூக்கடைப்பில் அடைபடுவது மூக்கு, இங்கே அடைப்பது ஆவி, இலக்கணம் இடிக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சித்த மருத்துவத்தில் கல்லடைப்பு என்கிறார்களே, அங்கே அடைப்பது கல்தானே?

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வைத்தியம் தவறிப்போகும். ஆவியடைப்புக்குப் பம்பையும் லைனையும் குளிர வைக்க வேண்டும், லைன் சைலன்ஸர் பக்கம் உரசினால் விலக்கிக் கட்ட வேண்டும். பொங்கியிருந்தால் சோக் (ஹீட் சோக் அல்ல, குளிரில் கிளப்ப இழுக்கும் choke) இழுக்காமல், ஆக்சிலேட்டரைப் பம்ப் அடிக்காமல் ஒரே மிதியாக முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் போதும். நான் கார்ப்ரெட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் தடித்த பேக்கலைட் தகடு வைத்து, மிதவை மட்டத்தையும் சரிசெய்தேன். இந்தக் கோடை தொந்தரவில்லை.

'ஹாட் ஸ்டார்ட் பிராப்ளம்' என்பதற்கு 'வெப்பநிலைத் துவக்கச் சிக்கல்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எந்தப் பட்டறையிலும் அது வாயில் நுழையாது. வண்டி முரண்டு பிடிக்கிறது என்கிறோம், சூட்டு முரண்டு என்றே வைத்துவிடலாம். பெர்கோலேஷனுக்குப் 'பொங்கல்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'பொங்குகை' சரிவருமா, சொல்லுங்கள்.