திருவந்திபுரம்: கோயிலையும் மலையையும் ஒரே காலையில் சேவிக்க இயலுமா?

கேள்வி:
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வயது முதிர்ந்த அம்மாவை அழைத்துக்கொண்டு தேவநாத சுவாமியைச் சேவிக்கச் செல்கிறேன். அருகிலுள்ள ஔஷதகிரியையும் அன்றே சேவிக்க இயலுமா?

பதில்:
இயலும் ஐயா. மலை சிறியதுதான்; 74 படிகள் ஏறினால், குதிரை முகம் கொண்ட திருமாலான ஹயக்ரீவர் சந்நிதி. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் அங்கே கருட மந்திரத்தை ஜபித்து, கருடனின் உபதேசத்தால் ஹயக்ரீவரின் அருளைப் பெற்றார் என்பது வைணவ மரபு ஆதலால், வெயில் ஏறுமுன் சென்று சற்று நேரம் அமர்ந்திருங்கள். ஓடிவந்து திரும்பும் இடமன்று அது.

பதில்:
அம்மாவுக்குப் படி ஏறுவது கடினமெனில் கீழ்க்கோயிலே போதும். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த, அதாவது பாடிப் போற்றிய, திவ்விய தேசம். செங்கமலத் தாயாரைச் சேவித்தபின், பக்தர்கள் உப்பும் மிளகும் வெல்லமும் சேர்த்து வேண்டிக்கொள்ளும் சேஷ தீர்த்தக் கிணற்றையும் அவசியம் காட்டுங்கள்.

பதில்:
முகூர்த்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். திருமணக் கூட்டம் மிகுதியாக இருக்கும்.